கிரிப்பைக் கழற்றிப் பாருங்கள்

போன மே மாதம் கோயம்புத்தூரிலிருந்து பேரன் விடுமுறைக்கு வந்தான். பஸ்ஸின் பின்வயிற்றிலிருந்து முதலில் சைக்கிளை இறக்கினான், அப்புறம்தான் தன் பையை. மலையேறுகிற சைக்கிளாம். 'மவுண்டன் பைக்' என்கிறான். அங்கே கல்லூரித் தோழர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் நீலகிரிப் பக்கம் போய், தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளில் ஓட்டுகிறானாம்.

எங்கள் ராமேஸ்வரத் தீவில் மலை என்று சொல்லிக்கொள்ள இருப்பது கெந்தமாதன பர்வதம் ஒன்றுதான். அதுவும் மணல்மேடு.

"இங்க எந்த மலையிலடா ஓட்டப்போற?" என்று கேட்டேன்.

"அரிச்சல்முனைக்குப் போவேன் தாத்தா. ஈர மணல்லயும் இது நல்லாப் போகும்" என்றான்.

வீட்டுக்குள் கொண்டுபோகும்போதுதான் வேடிக்கை. எங்கள் வீட்டு வாசல் அந்தக் காலத்துக் குறுகல் வாசல். சைக்கிளின் ஹேண்டில்பார் நிலைக்கதவில் இடித்துக்கொண்டு நின்றது. அவனுடைய அப்பத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, காங்கேயங்காளைக் கொம்பு மாதிரி இருக்கு" என்றாள். ஒருக்களித்துத் திருப்பி ஒருவழியாக உள்ளே சேர்த்தோம். நான் டேப் வைத்து அளந்தேன். 76 சென்டிமீட்டர். ஏறக்குறைய இரண்டரை அடி!

"இதை மாத்தணும் தாத்தா. செகண்ட் ஹேண்டுல வாங்குனது. முன்னாடி வச்சிருந்தவரு சென்னையில கடலோரம் இருந்தவரு. அடுத்த மாசம் மலையில ஒரு ரைடு இருக்கு. அதுக்குள்ள ஸ்ட்ராங்கா ஒரு பார் வாங்கணும்" என்றான்.

ஸ்ட்ராங்கான பார் என்றதும் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இடறியது. அதற்கு ஒரு காரணம் உண்டு. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக நான் யாரிடமும் சொல்லாத காரணம். இந்தப் பக்கத்தில் எத்தனையோ பழங்கதைகளை எழுதிவிட்டேன். இதை மட்டும் ஒதுக்கியே வைத்திருந்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

*

1979-ல் நான் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். வாரத்தில் இரண்டு நாள் முகுந்தராயர் சத்திரம் வரை சைக்கிளில் போய்க் கணக்குப் பார்த்து வர வேண்டும். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடிக்கு ரயில் கிடையாது. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் எல்லாம் மணல்தான். இன்றைக்கு அரிச்சல்முனை வரை காரில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு அது புரியாது. அந்தத் தார்ச்சாலை 2017-ல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் வேன்காரர்கள் டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு, கடலோர ஈர மணலில் ஓட்டிக்கொண்டு போவார்கள்.

என் சைக்கிள் கறுப்பு நிறம். கம்பி பிரேக், பெரிய கேரியர், ஹேண்டில்பார் மட்டும் நிக்கல் பாலிஷில் பளபள என்று இருக்கும். நானே வாரம் ஒருமுறை துடைப்பேன். என் கல்யாணத்துக்கு முன்னால் எனக்கிருந்த ஒரே சொத்து அதுதான்.

திட்டக்குடிப் பக்கம் ஒரு சைக்கிள்கடை இருந்தது. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். அந்த வருஷம் ஆனி மாதக் கடைசியில் பிரேக் கட்டை மாற்றக் கொடுத்தேன். பாய் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஸ்பேனரால் ஹேண்டில்பாரை அங்கங்கே தட்டினார். ஒரு இடத்தில் 'ணங்' என்றது. நடுத்தண்டும் பாரும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் 'டொக்' என்றது.

"தம்பி, இங்க பாருங்க. பழுப்பா ஒரு கோடு வழிஞ்சிருக்குல்ல? மேல மின்னுது, உள்ள அரிச்சுப்போச்சு. இதை மாத்திப்புடுங்க."

"அடுத்த மாசம் பாத்துக்கலாம் பாய்" என்றேன்.

கையில் காசு இல்லாமலும் இல்லை. வேறு எதற்கோ வைத்திருந்தேன். எதற்கு என்றுகூட இப்போது நினைவில்லை. வீட்டுக்கு வந்து, தேங்காய் எண்ணெய் தொட்டு அந்தக் கோட்டைத் துடைத்தேன். கோடு மறைந்தது. அதோடு என் கவலையும் மறைந்துவிட்டது.

ஆடி பிறந்தது. ஆடிக்காற்று தனுஷ்கோடியில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மணல் எழும்பிக் கெண்டைக்காலில் ஊசி குத்துகிற மாதிரி குத்தும். எனக்குக் காய்ச்சல். சத்திரத்திலிருந்து கணக்கு நோட்டை வாங்கி வர வேண்டியிருந்தது. தம்பியை அனுப்பினேன்.

தம்பிக்கு அப்போது பதினெட்டு வயது. ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து தினமும் விடியற்காலையில் கடற்கரையில் ஓடுவான். நெஞ்சை அளந்து அளந்து பார்ப்பான். எங்கள் ராமநாதபுரம் ஜில்லாவில் அப்போது பல வீடுகளில் அதுதான் கனவு. நாலு வேளை சோறு, மாதச் சம்பளம், ஊருக்கு வந்தால் மரியாதை.

போகும்போது காற்று முதுகில் தள்ளியது. திரும்பும்போது எதிர்க்காற்று. கோதண்டராமர் கோயில் திருப்பத்துக்குக் கிட்டே மணல் மூடிய இடத்தில், உட்கார்ந்து மிதிக்க முடியாமல் எழுந்து நின்று மிதித்திருக்கிறான். சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும். எழுந்து மிதிக்கும்போது ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துத்தான் மிதிப்போம். பாரம் முழுக்கக் கையில் வந்து நிற்கும். இடது பக்கம் அப்படியே கையோடு கழன்று வந்துவிட்டது. முன்சக்கரம் மடங்கியது. இடது முழங்கையை ஊன்றி விழுந்தான்.

மீன் ஏற்றி வந்த வேன்காரர்தான் தூக்கி வந்தார். அப்போது பாம்பனில் தரைப்பாலம் கிடையாது. அது 1988-ல் வந்தது. ரயிலுக்குக் காத்திருந்து ராமநாதபுரம் கொண்டுபோனோம். எலும்பு கூடியது. ஆனால் முழங்கை முழுதாக நீளவே இல்லை.

அடுத்த வருஷம் ஆள் எடுப்புக்குப் போனான். ஓட்டத்தில் தேறினான். இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார்கள். வலது கை நேராக நின்றது. இடது கை பாதி வழியில் நின்றுவிட்டது. அவ்வளவுதான். சாயங்காலம் ரயிலில் வந்து இறங்கியவன், 'இல்லண்ணே' என்று ஒரே சொல் சொன்னான். அப்புறம் பரமக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பின்னாளில் சின்னதாகச் சொந்தக் கடை வைத்தான். நன்றாகத்தான் இருக்கிறான். ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

'பழைய சைக்கிள், உப்புக்காத்து, போதாத காலம்' என்று ஊரில் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன்.

உடைந்த சைக்கிளைப் பாயிடம் தள்ளிக்கொண்டு போனபோது, அவர் முறிந்த இடத்தை என்னிடம் திருப்பிக் காட்டினார். குழாயின் வட்டத்தில் முக்கால்வாசி பழுப்பாக இருந்தது. கால்வாசிதான் வெள்ளி மாதிரி பளிச்சென்று இருந்தது. பளிச்சென்ற அந்தக் கால்வாசிதான் அன்றைக்கு முறிந்தது. மற்ற முக்கால்வாசி என்றைக்கோ விட்டுப்போயிருந்தது. பாய் ஒன்றும் பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

*

இப்போது பேரன் விஷயத்துக்கு வருகிறேன்.

"ஸ்ட்ராங்கா வேணும்னா நல்ல கெட்டி இரும்புல வாங்குடா" என்றேன்.

அவன் சிரித்தான். "தாத்தா, இப்ப யாரும் இரும்புல போடுறதில்ல. அலுமினியக் கலவை, இல்லாட்டி கார்பன்."

அலுமினியமா? நம் வீட்டு இட்லிப் பானை அலுமினியம். கீழே விழுந்தால் நசுங்கிவிடும். அதைப் பிடித்துக்கொண்டு மலையில் இறங்குவதா? எனக்குக் கோபமே வந்துவிட்டது. அவன் பொறுமையாக உட்கார்ந்து சொன்னான். படித்த பிள்ளை, நன்றாகவே சொன்னான். எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

இந்த மலைச் சைக்கிள் விளையாட்டு தொடங்கியது அமெரிக்காவில் கலிபோர்னியாவில், டமால்பைஸ் என்ற மலைப் பக்கத்தில். (பெயரிலேயே டமால்!) 1976 வாக்கில் சில இளைஞர்கள் பழைய பருத்த டயர் சைக்கிள்களை மேலே கொண்டுபோய், மண்பாதையில் உருட்டிவிட்டு இறங்கும் பந்தயம் நடத்தினார்கள். பின்சக்கர பிரேக் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் எரிந்து போகுமாம். ஒவ்வொரு தடவையும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்றே பெயர். சாதாரணச் சைக்கிளின் பாகங்கள் அந்தக் குலுக்கலுக்குத் தாங்கவில்லை. மோட்டார் சைக்கிள் பிரேக் லீவரை எல்லாம் எடுத்துப் பூட்டிப் பார்த்தார்கள். அப்படி உடைத்து உடைத்துக் கற்றுக்கொண்டதுதான் இன்றைய மலைச் சைக்கிள்.

ஹேண்டில்பார் ஏன் இவ்வளவு அகலம்? நம் வத்தையின் சுக்கான் கட்டை நீளமாக இருந்தால் எப்படிக் கொஞ்ச பலத்தில் திருப்ப முடியுமோ, அதே கணக்கு. கல்லில் மோதி முன்சக்கரம் திரும்பப் பார்க்கும்போது, அகலமான பார் இருந்தால் கை அதை அடக்கிவிடும். ஆனால் அகலம் கூடக் கூட நடுவில் விழும் பாரமும் கூடும். ஆகவே நடுப்பகுதி பலமாக இருக்க வேண்டும். பழைய பார்களில் தண்டு பிடிக்கும் இடம் 25.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலம். இப்போது 31.8, சிலதில் 35. கை பிடிக்கும் முனை மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் 22.2 தான்.

"குழாய் பருமன் கொஞ்சம் கூடினாலே பலம் நிறையக் கூடும் தாத்தா. அலுமினியம் இரும்புல மூணுல ஒரு பங்கு எடைதான். அதனால பருமனாச் செஞ்சாலும் லேசா இருக்கும். நடுவுல தகடு தடிமனாவும் ஓரத்துல மெல்லிசாவும் இழுத்திருப்பாங்க."

மூங்கிலை நினைத்துக்கொண்டேன். உள்ளே ஒன்றுமில்லாமலேயே பளு தாங்குகிறதே. எடையும் பலமும் ஒன்றல்ல என்பது எழுபது வயதில் எனக்குப் புதுப்பாடம்.

"சரி, இரும்பைவிட இது நல்லதுன்னு சொல்லு."

"அப்படியும் சொல்ல முடியாது தாத்தா" என்று தலையைச் சொறிந்தான். இரும்புக்கு ஒரு குணம் உண்டாம். துரு இல்லாமல் இருந்து, ஒரு அளவுக்குள் பாரம் விழுந்தால், எத்தனை லட்சம் தடவை குலுக்கினாலும் அது சோர்ந்து போகாது. மீறிப் போனாலும் பெரும்பாலும் வளைந்து காட்டிவிட்டுத்தான் உடையும். அலுமினியத்துக்கு அந்தக் குணம் கிடையாது. ஒவ்வொரு குலுக்கலையும் அது கணக்கில் எழுதிக்கொண்டே வரும். என்றைக்காவது ஒருநாள் கணக்கை முடிக்கும். ஆகவே அதை ஆயுளுக்கும் வைத்துக்கொள்ளக் கூடாது. பலமாக ஒருமுறை விழுந்தால் மாற்றிவிட வேண்டும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்தவே கூடாது.

கார்பன் என்பது கருப்பு நாரைப் பசையில் தோய்த்துச் செய்வது. துருப் பிடிக்காது, எடையும் இல்லை, குலுக்கலையும் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். ஆனால் அளவுக்கு மீறி முடுக்கினாலோ, கீறல் விழுந்தாலோ உள்ளுக்குள் பிளந்துவிடும். வெளியே தெரியாது. அதோடு, உப்புத் தண்ணீர் பட்டால் கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அலுமினியம் அரிக்கும். நம் ஊருக்கு அது சரிப்படுமா என்று அவனே யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

நம் ஊர்க் காற்றைப் பற்றி நான் அவனுக்குச் சொன்னேன். காரைக்குடி சிக்ரி ஆய்வகத்துக்காரர்கள் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்து, கடற்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று ஆராய்ந்த கதையைச் சொன்னேன். அவர்கள் ஆராய்வதற்கு இந்த இடத்தைப் பிடித்ததிலிருந்தே தெரியவில்லையா, நம் காற்று எப்பேர்ப்பட்டது என்று! ஒரு பக்கம் பெண்கடல், ஒரு பக்கம் ஆண்கடல். எந்தக் காற்று அடித்தாலும் உப்புத்தான்.

பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1914-ல் திறந்த ரயில் பாலம். வருஷம் முழுக்க அதற்குச் சுரண்டலும் பெயிண்டும் நடந்துகொண்டே இருக்கும். அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருந்ததால்தான் நூறு வருஷம் தாண்டியும் நின்றது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதுப் பாலத்துக்கு, கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத கம்பி, மேலே பாலிசிலாக்ஸேன் என்ற விசேஷப் பூச்சு. அவ்வளவு பெரிய பாலத்துக்கே இந்தப் பாடு என்றால் சைக்கிள் எம்மாத்திரம்?

"அப்ப முதல்ல உன் சைக்கிள்ல இப்ப இருக்கற பாரைக் கழட்டிப் பாப்போம்" என்றேன்.

"அது நல்லாத்தான் தாத்தா இருக்கு. நாளைக்குக் காலையில அரிச்சல்முனை போயிட்டு வந்து பாக்கலாம்."

'அடுத்த மாசம் பாத்துக்கலாம் பாய்' என்று சொன்ன அதே குரல். எனக்குக் கை நடுங்கிவிட்டது. "பாக்காம சைக்கிள் வாசல்படி தாண்டாது" என்று கத்திவிட்டேன். பேரனிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. அவன் முகம் சுருங்கிவிட்டது. அவன் அப்பத்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

*

பாய் காலமாகிவிட்டார். இப்போது கடையில் அவர் மகன் இருக்கிறார். பெரும்பாலும் பைக் வேலைதான், சைக்கிளும் பார்ப்பார். கையின் ரப்பர் கிரிப்புக்குள் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டு, முறுக்கி உருவினார்.

உள்ளே வெள்ளைப் பொடி. உப்பா என்று தொட்டுப் பார்த்தேன். உப்பும் வியர்வையும் தின்ற அலுமினியமாம். இரும்பு பழுப்பாக அழும், அலுமினியம் வெள்ளையாக அழும், அவ்வளவுதான் வித்தியாசம். பாரின் ஒரு முனையில் அடைப்பு மூடி இல்லை. அதன் வழியாகத்தான் உள்ளே ஈரம் போயிருக்கிறது.

அடுத்து நடுவில் பிடிக்கும் நாலு போல்ட்டைக் கழற்றினார். இரண்டு எளிதில் வந்தன. இரண்டு உப்பில் இறுகிப்போய், எண்ணெய் விட்டுக் காத்திருந்துதான் வந்தன. பாரை வெளியே எடுத்துத் துணியால் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பிடித்தார். தண்டு கவ்வியிருந்த இடத்தின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு.

"கீறலா இருக்கும்" என்றான் பேரன்.

"நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க தம்பி" என்றார் பாயின் மகன்.

இழுத்தான். நகம் தட்டி நின்றது. இன்னொரு தடவை இழுத்தான். அதே இடத்தில் நின்றது. அது கீறலா வெடிப்பா என்று எங்கள் மூவருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் சந்தேகம் வந்த பாரை மறுபடி பூட்டக் கூடாது என்பதில் மூவருக்கும் சந்தேகம் இல்லை.

பேரன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு நடந்து வரும்போது, "ஏன் தாத்தா நேத்து அவ்வளவு கோபப்பட்டீங்க?" என்று கேட்டான்.

சொன்னேன். மேலே உங்களுக்கு எழுதியதை எல்லாம் சொன்னேன். தேங்காய் எண்ணெயையும் விடவில்லை.

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான். பிறகு கேட்டான்: "சின்னத் தாத்தாவுக்கு இது தெரியுமா?"

*

புதுப் பாரை மதுரையிலிருந்து வரவழைத்தோம். என்ன வாங்கினோம் என்று சொல்கிறேன், யாருக்காவது பேரனோ பேத்தியோ கேட்டால் உதவும்.

அலுமினியக் கலவைதான். நடுவில் 31.8, அகலம் 76 சென்டிமீட்டர். தண்டின் பிடி எந்த அளவோ பாரும் அதே அளவாக இருக்க வேண்டும். இடைவெளிக்குத் தகடு செருகி ஒப்பேற்றக் கூடாது. இருப்பதில் மிக லேசானதை அவன் ஆசைப்பட்டுப் பார்த்தான். அது சமதளப் பந்தயத்துக்கு. மலையில் இறங்குகிறவனுக்கு ஐம்பது அறுபது கிராம் கூட இருந்தால் கெட்டுப்போய்விடாது. எந்த விதமான ஓட்டத்துக்கு என்று செய்தவர்களே எழுதியிருப்பதைப் படித்துத்தான் எடுத்தான். ஐஎஸ்ஓ 4210 என்ற சோதனை விதிக்கு உட்பட்டதா என்றும் பார்த்தான். அந்தச் சோதனையில் பாரின் இரண்டு முனையையும் லட்சம் தடவை அழுத்தி இழுத்துப் பார்ப்பார்களாம். பெயர் தெரியாத மலிவுச் சரக்கில் பளபளப்பு மட்டும்தான் இருக்கும். பளபளப்பை நம்பி நான் பட்டது போதும்.

பூட்டும்போது போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவினார் பாயின் மகன். தண்டிலேயே 5 என்று எழுதியிருந்தது, 5 நியூட்டன் மீட்டர் என்று அர்த்தம். அதற்கென்று அளவு காட்டும் ஸ்பேனரைப் பேரன் தோழனிடமிருந்து கொண்டு வந்திருந்தான். நாலு போல்ட்டையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார்கள். 'நல்லா இறுக்கு' என்று நான் சொல்லவில்லை, சொல்ல வாய் வந்தது. இரண்டு முனைக்கும் அடைப்பு மூடி போட்டார்கள். மூடி இல்லாத குழாய் முனை, விழும்போது வயிற்றில் குத்திவிடுமாம். நம் ஊரில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு, உப்பை உள்ளே விடாது.

மறுநாள் விடியற்காலை பேரன் அரிச்சல்முனைக்குக் கிளம்பினான். நான் என் மொபெட்டில் கோதண்டராமர் கோயில் திருப்பம் வரை கூடப் போனேன். அவன் கையை ஆட்டிவிட்டுப் போனான். தார்ச்சாலையின் கோடியில் சின்னப் புள்ளியாகி மறைந்தான்.

நான் அங்கேயே நின்றுகொண்டு தம்பிக்குப் போன் போட்டேன்.

"என்னண்ணே, காலங்காத்தால?"

சொல்லிவிட்டேன். பாய் எச்சரித்தது, நான் தள்ளிப்போட்டது, எண்ணெய் போட்டுத் துடைத்தது. மறுமுனையில் சத்தமே இல்லை. காற்றுச் சத்தம்தான் கேட்டது, அதுவும் என் பக்கத்துக் காற்று.

பிறகு கேட்டான்: "அப்ப ஒரு ஹேண்டில்பார் எவ்வளவுண்ணே?"

சொன்னேன். அந்தத் தொகையை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"ம்" என்றான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "பையனுக்கு என்ன போட்டிருக்க?" என்று கேட்டான்.

எல்லாம் விவரமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். "அந்த மூடிய மறக்காமப் போடச் சொல்லு" என்று மட்டும் சொன்னான். கடை திறக்க நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டான்.

மன்னித்தானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அதற்கப்புறம் பத்து நாள் அவன் போன் செய்யவில்லை. பதினோராம் நாள் செய்தான். பேரன் மலைக்குப் போய் நல்லபடியாக வந்தானா என்று கேட்டான். வந்துவிட்டான் என்றேன்.

கழற்றிய பழைய பார் என் மேஜைமேல்தான் இருக்கிறது. பேரன் தூக்கிப் போடச் சொன்னான், நான் வைத்துக்கொண்டேன்.

வாசக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இன்னும் பழைய சைக்கிளில்தான் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போய்வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அதைக் கழுவித் துடையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை கிரிப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். தண்டும் பாரும் சேரும் இடத்தைத் துணியால் துடைத்து, வெயிலில் பார்த்து, நகத்தால் இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் 'மாத்திப்புடுங்க' என்று சொன்னால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். காசு இல்லாவிட்டால் காசு வரும் வரை நடந்து போங்கள். அந்தச் சைக்கிளை வேறு யாரிடமும் கொடுத்து அனுப்பாதீர்கள்.